பாப்பா உளவியல் படிக்கப் போனாள்

அந்த வீட்டு வாசல் கதவு முழுதாகத் திறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. ஓர் ஆள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நுழையும் அளவுக்குத் திறக்கும். அதற்குமேல் தள்ளினால் உள்ளே எதுவோ சரியும். உடனே சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வரும்: "மெதுவா, மெதுவா! அங்க கண்ணாடி பாட்டில் இருக்கு!"

மாடிக் குடியிருப்பில் இரண்டாம் தளத்து வீடு. கூடம், இரண்டு அறைகள், சமையலறை. கணக்கு அப்படி. ஆனால் மூத்த மகன், பெரியவன், வேலை கிடைத்து வெளியூர் போன பிறகு அவன் அறைக்குள் யாரும் போகவில்லை, போகவும் முடியாது. கூடத்தில் பழைய செய்தித்தாள் கட்டுகள் தோள் உயரத்துக்கு நின்றன. அவற்றின்மேல் துணிக்கடைப் பைகள், மூடியில்லாத டப்பாக்கள், டப்பாவில்லாத மூடிகள், ஓடாத கடிகாரங்கள், யாரோ தெருவில் போட்டுவிட்டுப் போன மின்விசிறி, தைத்து மிஞ்சிய துணித்துண்டுகள் அடைத்த மூட்டைகள். நடுவில் ஓர் ஒற்றையடிப் பாதை. அந்தப் பாதை சமையலறைக்குப் போய், குளியலறைக்குத் திரும்பி, மீதமிருந்த ஒரே அறையில் முடிந்தது. அங்கே ஒரு கட்டில். அதில் அம்மாவும் மகளும் படுத்துக்கொள்வார்கள்.

அப்பா ஒரு சரக்குக் கிடங்கில் காவலர். இரவுப் பணியை அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டார். கட்டில் காலியாக இருக்கும் பகலில் வந்து படுத்தால் கால் நீட்டலாம் என்பதுதான் காரணம். "எங்க கிடங்குல இதைவிடக் காத்தோட்டம் இருக்கு. அங்க சாமான் வந்தா திரும்பப் போகவும் செய்யும்" என்பார். அதற்குமேல் அவர் எதுவும் சொல்வதில்லை. சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனவர்.

இதில் விசித்திரம் என்னவென்றால், அம்மா ஒரு பெரிய துணிக்கடையில் தையல் வேலை பார்த்தாள். வாங்கிய உடையை அளவு பார்த்துக் குறைத்து, நீட்டி, பிடித்துக் கொடுக்கும் வேலை. அங்கே அவள் மேசையில் ஒரு நூல் பிசிறு கூடக் கிடக்காது. ஊசிக்கு ஓரிடம், கத்தரிக்கோலுக்கு ஓரிடம். புதிதாகச் சேருகிறவர்களிடம் கடை மேலாளர், "அந்தம்மா மேசையைப் போய்ப் பாத்துட்டு வா" என்று அனுப்புவார். அதே கைதான் வேலை முடிந்து வரும்போது கடைக் குப்பையிலிருந்து அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தது.

மகளை வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளி முடித்துப் பல்கலைக்கழகம் போகும் வயதிலும் பாப்பாதான். நல்ல மதிப்பெண் வைத்திருந்தாள். கணக்கியல் படித்தால் கடையிலேயே சொல்லி வேலைக்கு ஏற்பாடு செய்யலாம் என்று அம்மா நினைத்திருந்தாள். பாப்பாவோ உளவியல் என்றாள்.

"அது படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்றார் அப்பா.

"ஆலோசகர் ஆகலாம். பள்ளிக்கூடத்துல, ஆஸ்பத்திரியில எல்லாம் எடுக்கறாங்க."

அம்மாவுக்குத்தான் ஏகப்பட்ட சந்தோஷம். "எடுத்துக்கட்டும்ங்க. உலகத்துல பாதிப் பேருக்குப் புத்தி சரியில்ல. இவளுக்கு வேலைக்குப் பஞ்சமே வராது" என்றாள், கிழிந்த குடை ஒன்றை மடித்து மூட்டைக்குள் செருகியபடி.

அப்பாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள், அல்லது வேறு ஏதாவது ஆகியிருக்கும்.

முதல் நாள் வகுப்பில் பேராசிரியை பாடம் எதையும் எடுக்கவில்லை. குட்டையான, எப்போதும் களைத்துத் தெரியும் அந்த அம்மாள் மேசைமீது சாய்ந்து நின்றுகொண்டு ஒவ்வொருவரையும் கேட்டார்: "ஏன் இந்தப் படிப்பு?"

"மார்க் பத்தல மேடம்" என்றான் கடைசி பெஞ்சுப் பையன். வகுப்பு சிரித்தது.

"எல்லாரும் என்கிட்ட வந்துதான் அழுவாங்க. அதையே வேலையா வெச்சுக்கலாம்னு நினைச்சேன்" என்றாள் சுருட்டைமுடிக்காரி ஒருத்தி. அதற்கும் சிரிப்பு. இன்னொருவன் மற்றவர்கள் மனதில் நினைப்பதைக் கண்டுபிடிக்க ஆசை என்றான். ஒருத்தி கல்யாணம் பேசாமல் இருக்க ஏதாவது படித்தாக வேண்டியிருந்தது என்றாள்.

பாப்பாவின் முறை வந்தது. "மனுஷங்களைப் புரிஞ்சுக்க ஆர்வம் மேடம்."

"வருஷா வருஷம் இந்தப் பதில் நாலைஞ்சு வரும்" என்று சொல்லிவிட்டுப் பேராசிரியை அடுத்தவளிடம் போய்விட்டார். தன் பொய் அவ்வளவு சாதாரணமான பொய் என்பதில் பாப்பாவுக்கு ஒரு நிம்மதி.

உண்மைக் காரணங்கள் வகுப்பறையில் வரவில்லை. கேன்டீனில், பேருந்து நிறுத்தத்தில், பரீட்சைக்கு முந்தைய பதற்றத்தில் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மார்க் பத்தாத பையனின் அம்மா கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறவர். தோல் உரிந்து ரத்தம் வரும்வரை குழாயடியை விட்டு நகரமாட்டார். சுருட்டைமுடிக்காரிக்குக் கூட்டத்தில் நின்றால் நெஞ்சு அடைத்துக்கொண்டு உயிர் போகிற மாதிரி ஆகும். அவளிடம் யாரும் வந்து அழுததில்லை, அழுததெல்லாம் அவள்தான். கல்யாணத்துக்குப் பயந்தவளின் அப்பா, நாள் முழுக்க ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறார், பேசுவதில்லை. ஆளுக்கொரு வீடு, வீட்டுக்கொரு ஆள். எல்லாரும் ஒரே கடைக்கு ஒரே மருந்து வாங்க வந்தவர்கள்போல் தெரிந்தார்கள் பாப்பாவுக்கு.

அவள் எல்லாருடைய கதையையும் காது கொடுத்துக் கேட்டாள். தன் கதையைச் சொல்ல வாயெடுத்தால் நாக்கு எழவில்லை. அழுகைக்கு ஒரு கௌரவம் இருக்கிறது, பயத்துக்கும் இருக்கிறது. டப்பா மூடிக்கு என்ன இருக்கிறது?

இரண்டாம் வருடத்தில் அந்தப் பாடமும் வந்தது. பொருள்களை விட முடியாமல் சேர்த்துக் குவிப்பது பற்றி. பேராசிரியை திரையில் ஒரு படம் போட்டார். ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு வீடு.

"ஐயோ, இதுக்குள்ள மனுஷன் எப்படி இருப்பான்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு பரவியது. மார்க் பத்தாத பையனும் சிரித்தான்.

பாப்பா படத்தை உற்றுப் பார்த்தாள். அந்த வீட்டில் சோபா கண்ணுக்குத் தெரிந்தது. ஜன்னலும் தெரிந்தது. 'பரவாயில்லையே' என்று அவளுக்குத் தோன்றியது. அப்புறம்தான் தான் நினைத்தது என்ன என்று உறைத்து, காது மடல் சூடேறியது.

ஆனாலும் அன்று வீட்டுக்குப் போகும்போது கால் தரையில் பாவவில்லை. பெயர் தெரிந்துவிட்டது. பெயர் இருந்தால் வழியும் இருக்கும். நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தாள். திட்டக் கூடாது, அவசரப்படுத்தக் கூடாது, ஆளில்லாதபோது எடுத்துப் போடக் கூடாது, சின்னதாகத் தொடங்க வேண்டும்.

"அம்மா, நாம ஒரு விளையாட்டு விளையாடலாமா? தினம் ஒரே ஒரு பொருளை மட்டும் வெளிய போடணும். எதைன்னு நீயே முடிவு பண்ணு."

அம்மா யோசித்தாள். "சரி. ஆனா நீயும் ஒண்ணு போடணும். நியாயமா இருக்கணும் இல்ல?"

அம்மா மை தீர்ந்த பேனா ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். அதைத் தேர்ந்தெடுக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. பாப்பா வார் அறுந்த தன் பழைய செருப்பைப் போட்டாள். இருவரும் கீழே போய்க் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தார்கள். பாப்பாவுக்குப் பரீட்சையில் முதலாவதாக வந்த மாதிரி இருந்தது.

மறுநாள் வகுப்பு முடிந்து வந்தால் கதவருகே செருப்பு உட்கார்ந்திருந்தது, கழுவித் துடைத்து. வார் தைக்கப்பட்டிருந்தது. "நல்லா இருக்கறதைப் போய்த் தூக்கிப் போட்டிருக்கியே, கிறுக்கி" என்று அம்மா பாசமாகக் கடிந்துகொண்டாள். பேனாவும் வந்திருந்தது. மூடி வேறொரு பேனாவுக்குச் சேரும் என்றாள்.

அடுத்து பாப்பா காரணத்தைத் தேடிக் கிளம்பினாள். வேர் தெரிந்தால் பிடுங்கிவிடலாம் என்று நினைத்தாள்.

"சின்ன வயசுல உங்க வீட்டுல ரொம்பக் கஷ்டமாம்மா?"

"எல்லாரு வீட்டுலயும் இருந்த கஷ்டம்தான்."

"உன் சாமானை யாராவது எடுத்து எறிஞ்சாங்களா?"

"எறியறதுக்கு என்ன இருந்துச்சு?"

"யாராவது உன்னை விட்டுட்டுப் போயிட்டாங்களா? திடீர்னு?"

"உங்க அண்ணன் போனான். ஆனா அவன் போறதுக்கு முன்னாடியே உங்கப்பா என்னைத் திட்ட ஆரம்பிச்சிட்டாரே." அம்மா தையலிலிருந்து தலை நிமிர்ந்தாள். "ஏண்டி, போலீஸ்காரி மாதிரி கேக்கற? நான் யாரைக் கொன்னுட்டேன்?"

வேர் கிடைக்கவில்லை. ஒரு பெரிய துக்கமோ, பறிகொடுத்த எதுவோ, ஒளித்து வைத்த ரகசியமோ எதுவுமில்லை. அம்மாவுக்குத் தூக்கிப் போட முடியவில்லை, அவ்வளவுதான். புத்தகத்தில் வரும் ஆட்களுக்கெல்லாம் ஒரு காரணம் இருந்தது. அம்மாவுக்கு மட்டும் இல்லை.

கடைசியில் பேராசிரியையின் அறைக்குப் போனாள். தோழி ஒருத்தியின் அம்மா என்று ஆரம்பித்தாள். பேராசிரியை தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே முழுவதும் கேட்டார்.

"உன் தோழி அவங்க அம்மாவுக்குத் தானே சிகிச்சை பண்ணப் பாக்கறாளா?"

"ஆமா மேடம்."

"நிறுத்தச் சொல்லு. மகளால அது முடியாது. நல்லா படிச்சாலும் முடியாது." பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் ஆலோசனை மையம் இருப்பதைச் சொன்னார். "ஆனா அவங்களா விரும்பி வரணும். இழுத்துட்டு வந்தா பிரயோஜனம் இல்ல."

"அவங்க வரலைன்னா?"

பேராசிரியை கோப்பையை வைத்தார். "வரலைன்னா, ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் இதை அவர் முதல்முறை சொல்வதாகத் தெரியவில்லை.

அம்மாவிடம் எப்படிக் கேட்பது என்று பல நாள் தவித்துவிட்டு, பாப்பா சுற்றி வளைத்துக் கேட்டாள். ஓர் இடத்துக்கு வர வேண்டும், அங்கே ஒரு மேடம் பேச வேண்டும் என்கிறார். கத்துவாள், மறுப்பாள் என்று பார்த்தால் அம்மா உடனே சரி என்றாள். கடையில் விடுப்பு எடுத்தாள். இருப்பதில் நல்ல உடையை எங்கிருந்தோ உருவியெடுத்து இஸ்திரி போட்டுக்கொண்டாள். பேருந்தில் மகள் கையைப் பிடித்தபடியே வந்தாள். பாப்பாவுக்கு நம்பவே முடியவில்லை. அம்மாவுக்கும் உள்ளுக்குள் தெரிந்திருக்கிறது, யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்திருக்கிறாள் என்று நினைத்து நினைத்து உருகினாள்.

மையத்துக்கு முந்தைய கட்டடத்தில் ஏதோ அலுவலகத்தைக் காலி செய்து சாமான்களைத் தெருவில் போட்டிருந்தார்கள். அம்மாவின் நடை தளர்ந்தது.

"அம்மா, வேண்டாம்."

"பாரு, எவ்வளவு கனமான நாற்காலி. ஒரு கால்தான் ஆடுது. மூணு காலு நல்லாத்தானே இருக்கு?"

"வரும்போது எடுத்துக்கலாம்மா."

"அதுவரைக்கும் யாரு விட்டு வைப்பா?"

ஆகவே நாற்காலியும் ஆலோசனைக்கு வந்தது. காத்திருக்கும் இடத்தில் போட்டிருந்த நல்ல நாற்காலிகளை விட்டுவிட்டு அம்மா தன் நாற்காலியைச் சுவரோரம் முட்டுக்கொடுத்து அதிலேயே உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். பாப்பா தரையைப் பார்த்தாள்.

ஆலோசகர் இளவயதுப் பெண். கனிவான குரல். "சொல்லுங்கம்மா, என்ன விஷயமா வந்தீங்க?"

அம்மா மகளை ஒருமுறை பார்த்துவிட்டு நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். "இவளைப் பத்தித்தான் மேடம்."

பாப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"வீட்டுக்கு ஒரு சிநேகிதியைக்கூடக் கூட்டிட்டு வந்ததில்ல. சின்னப் புள்ளையில இருந்தே அப்படித்தான். பிறந்தநாள்னாக்கூட யாரையும் கூப்பிட மாட்டா. சிரிப்பே கிடையாது. மூலையில நின்னு எதையாவது வெறிச்சுப் பாத்துட்டே இருப்பா. இப்ப கொஞ்ச நாளா என்னைப் பாக்கறப்பக்கூட பரீட்சைக் கேள்வியைப் பாக்கற மாதிரி பாக்கறா." அம்மாவின் குரல் கம்மியது. "எத்தனையோ படிப்பு இருக்கறப்ப இதை ஏன் மேடம் எடுத்தா? மனசுக்குள்ள ஏதோ ஒண்ணு இருக்கப்போய்த்தானே? அன்னைக்கே எனக்குத் தெரியும். வாய் திறந்து கேட்டா அழுதுருவாளோன்னு கேக்கல. சந்தோஷமா இருக்கற மாதிரி காட்டிக்கிட்டேன். இப்ப அவளே கூப்பிட்டா. அதான் ஓடி வந்தேன்."

ஆலோசகர் பாப்பா பக்கம் திரும்பினார். "அம்மா சொல்றதைப் பத்தி நீங்க என்ன நினைக்கறீங்க?"

பாப்பா வாயைத் திறந்தாள். பக்கத்தில் அம்மா, இஸ்திரி மடிப்புக் கலையாமல் இரு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு, டாக்டர் முடிவு சொல்வதற்குக் காத்திருக்கும் தாயின் முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருத்தி எதிரில், 'எல்லாம் உன்னாலதான்' என்று எப்படிச் சொல்வது?

"கொஞ்சம் படிப்பு பாரம். வேற ஒண்ணுமில்ல" என்றாள்.

அம்மாவின் கை அவள் முதுகைத் தடவியது. அடுத்த சந்திப்புக்கு நாள் குறித்தார்கள், பாப்பாவுக்காக. அம்மா ஒருமுறை கூடத் தவறாமல் அவளை அழைத்து வந்து வெளியே காத்திருந்தாள். இரண்டு மூன்று சந்திப்புக்குப் பிறகு பாப்பா தனியாக இருக்கும்போது எல்லாவற்றையும் கொட்டினாள். அந்தப் பெண் பரிவோடு கேட்டுவிட்டு, பேராசிரியை சொன்னதையே வேறு வார்த்தைகளில் சொன்னார். நாற்காலி கூடத்தில் செய்தித்தாள் கட்டுகளுக்கு மேல் ஏறிக்கொண்டது.

கடைசி வருடத்தில் ஒரு மாலை, அப்பா பணிக்குக் கிளம்பிப் போன பிறகு, பாப்பா வீடு திரும்பியபோது கதவு கொஞ்சமும் அசையவில்லை. உள்ளே தரையோடு தரையாக அம்மாவின் குரல் கேட்டது. "தள்ளாதடி. என் மேல விழுந்து கெடக்கு." மேலிருந்து எதையோ எடுக்கப் போயிருக்கிறாள். மொத்த அடுக்கும் சரிந்து அவளைக் கதவோரம் சாய்த்துவிட்டது.

பாப்பா கத்தினாள். இத்தனை வருடம் யாரும் எட்டிப் பார்த்துவிடக் கூடாதே என்று பொத்திப் பொத்தி வைத்த வீட்டின் வாசலில் குடியிருப்பே கூடிவிட்டது. கதவைத் தள்ளினால் அம்மாமேல் இன்னும் பாரம் ஏறும். தச்சர் வந்து கீல்களைக் கழற்றினார். கதவு பெயர்ந்ததும் டப்பாக்களும் பைகளும் மூடிகளும் படிக்கட்டில் கொட்டி, உருண்டு, கீழ்த்தளம்வரை சத்தம் போட்டுக்கொண்டு போயின. கீழ்வீட்டம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "பூச்சி எங்கிருந்துடா வருதுன்னு பாத்தேன்" என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். தூக்குப்படுக்கையில் கிடத்தியபோதும் அம்மா, "எதையும் மிதிச்சிடாதீங்க, மிதிச்சிடாதீங்க" என்று கெஞ்சிக்கொண்டே போனாள். தொடை எலும்பு முறிந்திருந்தது.

பெரியவன் ஓடி வந்தான். ஆஸ்பத்திரியில் அம்மாவைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவன், கதவில்லாத வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றான். மறுநாளே லாரியும் இரண்டு ஆட்களும் வந்துவிட்டார்கள்.

"அண்ணா, இப்படிச் செய்யக் கூடாது" என்று பாப்பா குறுக்கே நின்றாள். "அம்மா இல்லாதப்ப எடுத்தா இன்னும் மோசமாகும். திரும்பவும் சேரும். நான் படிச்சிருக்கேன்."

"என்ன படிச்சிருக்க?"

அவன் கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. "பாப்பா, நீயும் வருஷக்கணக்கா படிக்கற. இந்த வீட்டுல இருந்து ஒரு பேப்பர் கட்டாவது வெளிய போச்சா? அம்மா இதுக்கு அடியில கெடந்தாங்க. அடுத்த தடவை மூச்சு இருக்காது. வேற வழி இருந்தா சொல்லு. இப்பவே இவங்களைத் திருப்பி அனுப்பிடறேன்."

வேலையாட்கள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்பா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். "சொல்லும்மா" என்றார் அவரும்.

வேறு வழி அவளிடம் இல்லை. தவறு என்று தெரியும். சரி எது என்று தெரியாது. எல்லாரும் காத்திருக்க, பாப்பா குனிந்து அருகிலிருந்த செய்தித்தாள் கட்டு ஒன்றை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போய் லாரியில் போட்டாள். அதன்பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை.

பல நடை போயிற்று லாரி. சுவர்களுக்கு வெளிர்நீல வண்ணம் என்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது. பெரியவன் வெள்ளையடித்து, புதுக் கதவு மாட்டி, அம்மாவுக்கென்று ஒரு சாய்வு நாற்காலி வாங்கிப் போட்டான்.

அம்மா ஆஸ்பத்திரியில் கொடுத்த நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். கதவு சுவர்வரை போய் முட்டித் திறந்தது. உள்ளே பார்த்தாள். திரும்பிப் படிக்கட்டைப் பார்த்தாள். மறுபடியும் உள்ளே.

"வீடு மாத்திட்டீங்களா?" என்றாள்.

அம்மா உள்ளே வந்து, பாதை இருந்த இடத்திலேயே, இல்லாத பாதையில், இடித்துக்கொள்ளாமல் ஒடுங்கி நடந்தாள்.

"யாரு எடுத்தது?"

"எல்லாரும் சேர்ந்துதாம்மா" என்றான் பெரியவன்.

அம்மா அவனைப் பார்க்கவில்லை. கணவரையும் பார்க்கவில்லை. "நீயுமா?" என்று பாப்பாவைக் கேட்டாள்.

"ஆமாம்மா."

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள், யாரோ இறந்த செய்தியைக் கேட்டுக்கொள்வதுபோல.

அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பயந்துகொண்டிருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தாள். கொடுத்ததைச் சாப்பிட்டாள். சில சமயம் எழுந்து வெறும் இடங்களைக் கையால் துழாவிக்கொண்டே நடந்தாள். கடையிலிருந்து மேலாளர் வந்து பார்த்துவிட்டு, வீட்டிலிருந்தே தைக்கட்டும் என்று துணி கொடுத்துவிட்டுப் போனார். ஊசியில் நூல் கோக்கவே அவளுக்கு மனம் வரவில்லை. பெரியவன் ஊருக்குத் திரும்பினான். ஆசை தீரக் கால் நீட்டிப் படுத்த அப்பாவுக்கு இப்போது தூக்கம் வரவில்லை. "எதிரொலி கேக்குது பாப்பா" என்றார்.

பாப்பா ஆலோசனை மையத்துக்கு ஓடினாள். அம்மாவை வரச் சொல்லிக் கெஞ்சினாள். "உனக்குத் தேவைன்னா சொல்லு, வர்றேன்" என்றாள் அம்மா. அவ்வளவுதான் பேச்சு.

சில மாதம் கழித்து ஒருநாள் அம்மா யாரிடமும் சொல்லாமல் கைத்தடியோடு தனியாகப் படியிறங்கிப் போனாள். அப்பாவும் மகளும் பால்கனியிலிருந்து பார்த்துப் பூரித்துப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். அக்குளில் ஓர் அட்டைப்பெட்டி, அதற்குள் நாலைந்து பாட்டில்கள். பல மாதமாகச் செத்துக் கிடந்த முகத்தில் ரத்தம் ஓடியிருந்தது. கன்னம் சிவந்து, மூச்சு வாங்க, "கீழ சும்மா போட்டு வெச்சிருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே பெட்டியைச் சுவரோரம் வைத்தாள். அன்றைக்குத் தையல் இயந்திரத்தின் உறையை எடுத்தாள். அன்றைக்குத்தான் பாப்பாவிடம், "சாப்பிட்டியா?" என்றும் கேட்டாள்.

பாப்பா குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு அழுதாள். அம்மா பிழைத்துவிட்டாள் என்று அழுதாளா, எல்லாம் மறுபடி ஆரம்பிக்கிறது என்று அழுதாளா, அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பட்டம் வாங்கினாள். மேலே படித்தாள். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் ஆலோசகராக இருக்கிறாள். சின்ன அறை, ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள். பிள்ளைகள் வருவார்கள். பாதிப் பேர் தங்களைப் பற்றிப் பேசுவதில்லை; அப்பா குடிப்பது, அக்கா சாப்பிடாமல் கிடப்பது, அம்மா கத்துவது. அதை எப்படி நிறுத்துவது என்று கேட்பார்கள். பாப்பா பொறுமையாகக் கேட்பாள். "அது உன் வேலை இல்லப்பா" என்று சொல்ல வேண்டும் என்று படித்திருக்கிறாள், சொல்லவும் செய்கிறாள். அந்தப் பிள்ளைகள் அதை நம்பாமல் அவளைப் பார்க்கும் பார்வை அவளுக்கு நன்றாகப் புரிகிறது. சிலருக்குக் கொஞ்சம் நல்லது நடக்கிறது. சிலர் வருவதை நிறுத்திவிடுகிறார்கள்.

பள்ளிக்குப் பக்கத்திலேயே விடுதியில் தங்கிக்கொண்டாள். விடுமுறை நாளில் வீட்டுக்குப் போவாள். கூடம் பழையபடி நிரம்பிவிட்டது, முன்பைவிட நெருக்கமாகவே. பெரியவன் வருவதை விட்டுவிட்டான். அப்பா பணி ஓய்வு பெற்ற பிறகும் பழைய கிடங்குக்குப் போய் அங்கேயே சும்மா உட்கார்ந்திருக்கிறார். அடுப்புக்கு மேலே எதையும் வைக்காமலும், அடுக்குகளை இடுப்புக்கு மேலே ஏற்றாமலும் இருக்க அம்மாவைச் சம்மதிக்க வைக்கப் பாப்பாவுக்கு ஒரு வருடத்துக்குமேல் பிடித்தது. அடுப்பு விஷயத்தில் அம்மா வாக்குத் தவறவில்லை. இடுப்பு விஷயத்தில் தவறிக்கொண்டே இருக்கிறாள்.

போனால் அம்மா நன்றாகத்தான் பேசுவாள். பள்ளிக்கூடத்தைப் பற்றி விசாரிப்பாள், மெலிந்துவிட்டாய் என்பாள், உடை தொளதொளவென்று இருந்தால் கழற்றி வாங்கிப் பிடித்துக் கொடுப்பாள். ஆனால் பாப்பா ஓர் இடத்தில் சற்று அதிகமாக நின்றால் அம்மாவும் பக்கத்தில் வந்து நின்றுகொள்வாள். குளியலறைக்குப் போனாலும் கண் தொடரும். முன்பு பெரியவனுடையதாயிருந்த அறைக்கு ஒரு பூட்டுப் போட்டிருக்கிறாள். சாவி அவள் இடுப்பில்.

கிளம்பும் நேரம் வந்தால் அம்மா வாசல்வரை வருவாள். அவள் பார்வை மகளின் தோள்பையில் போய் நிற்கும். முதன்முறை, "பையில என்ன?" என்று கேட்டபோது பாப்பாவுக்கு நெஞ்சில் குத்தியது. இப்போதெல்லாம் அம்மா கேட்கும்வரை அவள் காத்திருப்பதில்லை. தானே பையைத் திறந்து, தண்ணீர்க் குப்பி, பணப்பை, சீப்பு என்று ஒவ்வொன்றாக விலக்கி அடிவரை காட்டுவாள். அம்மா எட்டிப் பார்ப்பாள்.

"சரி, பாத்துப் போ" என்பாள்.

பாப்பா பையை மூடிக்கொண்டு, கதவிடுக்கில் உடம்பைத் திருப்பி வெளியே வருவாள்.